உப்புக்குச் சாத்திய ஜன்னல்

டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் என் பழைய சிநேகிதியின் மகள் வேலை பார்க்கிறாள். வயதான காலத்தில் எனக்கும் சர்க்கரை வந்து சேர்ந்துவிட்டதால் அவ்வப்போது அங்கே போய்க் கையை நீட்டிவிட்டு வருவேன். போன தடவை ஊசி குத்திக்கொண்டே கேட்டாள்: "ஆன்ட்டி, இப்பல்லாம் சின்ன வயசுலயே சுகர் வர்ற பசங்களுக்குக் கிட்னி டெஸ்ட்டோட வைட்டமின் டி-யும் சேர்த்து எழுதுறாங்க. நீங்க லேப்ல வேலை பார்த்த காலத்துல வைட்டமின் டி எப்படிப் பார்ப்பீங்க?"

"வீட்டுக்குப் போய் ஜன்னல் திறந்திருக்கா, சாத்தியிருக்கான்னு பார்ப்போம்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அதற்குள் கவுன்ட்டரில் ஒரு அம்மா, பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையனோடு வந்து நின்றாள். சிநேகிதி மகள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "யூரின்ல உப்பு கொஞ்சம் தெரியுதும்மா, டாக்டரைப் பாருங்க" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாருடி உனக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது?" என்று கத்தியே விட்டேன். பாவம், மிரண்டு போய், "எல்லாரும் அப்படித்தானே ஆன்ட்டி சொல்றாங்க?" என்றாள். அதுவும் உண்மைதான். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அன்றும் அப்படித்தான் சொன்னார்கள். அவளிடம் கத்தியது தப்பு. ஏன் கத்தினேன் என்று நின்று விளக்க அங்கே நேரமில்லை. எழுதிக் கொடுங்கள், படித்துக்கொள்கிறேன் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். பத்தாவது முடித்ததும் மடத்துச் சிஸ்டர் ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லேப் பயிற்சியில் சேர்த்துவிட்டார். ஒரு வருடம் பீக்கரும் மைக்ராஸ்கோப்பும் கழுவினேன். கழுவின நேரம் போகக் கொஞ்சம் கற்றும் கொண்டேன். அவ்வளவுதான் என் படிப்பு. அறுபதுகளின் ஆரம்பத்தில் எங்கள் பக்கத்திலேயே இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மீன்பிடிக்கிறவர்கள், ஹார்பர் கூலிகள், ரயில்வேக்காரர்கள், தண்டையார்பேட்டைப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். லேப் என்றால் ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு மேஜை, தெற்குப் பார்த்த ஒரு ஜன்னல், நான்.

அந்த ஆஸ்பத்திரி முழுக்க டாக்டர் நமச்சிவாயத்தின் கையில் இருந்தது. ஒல்லியான மனிதர். வெள்ளைக் கோட்டு ஆணியில்தான் தொங்கும், அவர் மேல் ஏறாது. போட்டால் பிள்ளைகள் அழுகிறார்கள் என்பார். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் சொல்வார். எதிரே இருப்பது குப்பத்து ஆயாவாக இருந்தாலும் எழுந்து நிற்பார். பத்து வயசுப் பிள்ளையைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். எங்களைத்தான் வாங்கு வாங்கென்று வாங்குவார்.

அவர் மேஜையில் பியூனைக் கூப்பிடுகிற பித்தளை மணி ஒன்று இருந்தது. பியூனை அவர் வாயால்தான் கூப்பிடுவார். மணி எங்களுக்கு. நோயாளி எதிரில் நாங்கள் யாராவது ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னால் டிங் என்று ஒரு தட்டு. "அவங்க உடம்பைப் பத்தி அவங்களுக்குப் புரியாத பாஷையில பேசறதுக்கு உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்று அவர்கள் முன்னாலேயே கேட்பார். நர்ஸ்கள் முகம் தொங்கிப்போகும். எனக்கு அந்த மணி பிடித்திருந்தது. மற்ற ஆஸ்பத்திரிகளில் எங்கள் சனங்களை எப்படிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்படித்தான் எல்லாவற்றுக்கும் தமிழ் வந்தது. குளுக்கோஸ் சர்க்கரை ஆனது. பஸ் செல்ஸ் சீழ் ஆனது. அல்புமின் உப்பு ஆனது. உப்பு அவர் கண்டுபிடித்த வார்த்தை இல்லை. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கால் வீங்கினால் "நீர்ல உப்பு கீதாம்" என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. சனங்கள் பேசுகிற வார்த்தைதானே, இருக்கட்டும் என்று அவரும் எடுத்துக்கொண்டார். உப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி ஒரு சத்து அது. நல்ல சிறுநீரகம் அதை உடம்புக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். கெட்டுப்போகிற சிறுநீரகம் ஒழுகவிட்டுவிடும். இதையெல்லாம் யாருக்கும் விளக்கியதில்லை, உப்பு என்றால் போதும் என்று விட்டுவிட்டோம்.

மல்லிகா முதல் தடவை வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. காசிமேட்டில் கருவாடு காயப்போடுகிற கன்னியம்மாவின் ஒரே பெண். எலும்பும் தோலுமாக, மயக்கத்தில், அம்மாவின் தோளில் கிடந்தாள். அவள் சிறுநீரைக் காய்ச்சினேன், செங்கல் சிவப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து இன்சுலினோடு அனுப்பினார்கள். அதற்கப்புறம் தினம் காலையில் எங்களிடம்தான் ஊசி.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை தெரியாது. நீல நிற மருந்தை ட்யூபில் எடுத்து, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் தலைக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். மல்லிகா ஊசி போட்டுக்கொண்டதும் ஓடிவந்து என் மேஜையோரம் நின்றுகொள்வாள்.

"இன்னிக்கு இன்னா கலருக்கா? பச்சைன்னு சொல்லு, உனக்கு நாளைக்கு நெத்திலிக் கருவாடு கொண்டாரேன்."

"நான் சொன்னா பச்சை ஆயிடுமாடி? நேத்து ராத்திரி என்ன தின்னே?"

"சத்தியமா ஒண்ணும் இல்லக்கா. ஒரே ஒரு கமர்கட்டு."

ட்யூப் செங்கல்லாகும். "ஒரே கமர்கட்டா? கடையையே முழுங்கியிருக்கே" என்பேன். "போக்கா, உன் வெளக்கு சரியில்ல" என்று சொல்லிவிட்டு ஓடிப்போவாள். கருவாடு மட்டும் எந்தக் கலர் வந்தாலும் வரும்.

கொஞ்சம் வளர்ந்ததும் ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னோம், ஆனால் இன்சுலினை வீட்டில் எங்கே வைப்பது? ஐஸ்பெட்டி யார் வீட்டில் இருந்தது? ஈர மணலைப் பானையில் நிரப்பி அதற்குள் பாட்டிலைப் புதைத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். கன்னியம்மா அந்தப் பானையை சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். ஊசியைக் கொதிக்க வைக்க, மருந்தை உறிஞ்ச, எல்லாம் மல்லிகா பன்னிரண்டு பதின்மூன்று வயசிலேயே கற்றுக்கொண்டாள். பதினாறு வயசில் கருவாட்டுக் களத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. மீனைக் கீறி, குடலை வழித்து, உப்பைத் திணித்துப் போடுகிற வேகத்தைப் பார்த்து மற்ற பெண்கள் திட்டுவார்களாம். "ந்தா, மெதுவா செய்யி, எங்க பொழப்ப கெடுக்காதே" என்று. அதை என்னிடம் பெருமையாகச் சொல்லுவாள். சர்க்கரைக்காரி என்று யாரும் அவளைப் பாவமாகப் பார்க்காத ஒரே இடம் அந்தக் களம்தான்.

பதினெட்டு வயசு இருக்கும், ஒருநாள் அவள் கால் லேசாக வீங்கியிருந்தது. டாக்டர் உப்புப் பார்க்கச் சொன்னார். ட்யூபில் முக்கால் வாசி சிறுநீர் எடுத்து, அடியைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்பாதியை மட்டும் விளக்கில் காட்ட வேண்டும். மேலே வெள்ளையாகத் திரண்டு வந்தது. அதனால் மட்டும் முடிவு சொல்லக் கூடாது. வேறு சரக்குகளும் அப்படித் திரளும். ஒரு சொட்டு அமிலம் விட்டால் அவை கரைந்து போகும். அல்புமின் கரையாது. சொட்டை விட்டுவிட்டு, கறுப்பு அட்டையை ட்யூபுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். கரைந்துவிடு, கரைந்துவிடு என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். கரையவில்லை. இன்னொரு சொட்டு விட்டேன். வெள்ளை அப்படியே நின்றது.

டாக்டர் ட்யூபை வாங்கி ஜன்னலில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் கன்னியம்மாவைக் கூப்பிட்டு, எழுந்து நின்று, "உப்பு தெரியுதும்மா. இனிமே ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

கன்னியம்மா அழவில்லை. "உப்பா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வருடக்கணக்காக உப்பில் ஊறி வெடித்துப்போன கைகள். சேலையில் துடைத்துக்கொண்டு மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் டாக்டரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்தோம்.

அதற்கப்புறம் மல்லிகா வருவது நின்றது. கன்னியம்மாதான் வருவாள். சின்ன மருந்து பாட்டிலில் மகளின் நீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இன்சுலின் வாங்கிக்கொண்டு போவாள். "அவளைக் கூட்டி வாயேன்" என்றால், "அவ வூட்லயே ரெஸ்ட்டா கீறாம்மா, டாக்டரு ஜாக்கிரதைன்னு சொன்னாருல்ல" என்பாள். சர்க்கரை நிறம் முன்னைவிட நன்றாகவே இருந்தது. நெத்திலி வருவதும் நின்றுவிட்டது. அதைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, கைரிக்ஷாவில் போட்டுக் கொண்டுவந்தாள். மல்லிகாவால் எழுந்து நிற்க முடியவில்லை. இடுப்பும் தொடையும் வலி. தரையிலிருந்து எழ வேண்டுமானால் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி ஊன்றித்தான் எழுகிறாள். நடந்தால் வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்கிறாள். கறுத்த பெண் வெளுத்துப்போய், வேறு யாரோ மாதிரி இருந்தாள். டாக்டர் முதலில் சர்க்கரை நரம்பைத் தாக்கிவிட்டது என்றுதான் நினைத்தார். ரத்தத்தில் கால்சியம் பார்த்தேன், ரொம்பக் கம்மி. எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படத்தை ஜன்னலில் ஒட்டி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இது வெயில் படாத எலும்பு, ஸ்டெல்லா" என்றார் கடைசியில். "வீட்டைவிட்டு வெளியே வராத பொம்பளைங்ககிட்ட பார்த்திருக்கேன். வைட்டமின் டி இல்லை. சிறுநீரகம் கெட்டதும் சேர்ந்துகிட்டிருக்கும். ஆனா இந்த அளவுக்கா? கடற்கரையில பொறந்த பொண்ணுக்கு வெயில் எப்படிப் பஞ்சமாகும்? நீ அவங்க வீடு வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே போனேன். வெளியே கண் கூசுகிற வெயில். உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்து, இடுக்குகளில் கோணித் துண்டைத் திணித்திருந்தாள். கூரை இடுக்கைக்கூட விடவில்லை. இருட்டுக்குள்ளிருந்து, "ஸ்டெல்லாக்காவா?" என்று மல்லிகாவின் குரல் மட்டும் வந்தது.

"என்ன கன்னியம்மா இது, வீட்டை ஏன் இப்படி மூடி வெச்சிருக்கே?"

"உப்புக் காத்தும்மா" என்றாள் கன்னியம்மா, எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி. "களத்துல இத்தினி வருசம் உப்பு அள்ளி அள்ளித்தான் அவ ஒடம்புல ஏறிக்கீது. சக்கரையே தாங்காத ஒடம்பு, உப்பு வேற ஏறுனா இன்னாத்துக்கு ஆவும்? டாக்டரு சொன்ன அன்னிக்கே களத்துக்கு அனுப்பறத நிறுத்திட்டேன். கடல் மீனும் குடுக்கறதில்ல, அதுவும் உப்புலயே பொறந்ததுதானே. நானே களத்துலருந்து வந்தா குளிச்சிட்டுத்தான் அவகிட்ட போறேன்."

வைட்டமின் டி உடம்புக்குள் வருவது முக்கியமாக இரண்டு வழியில். வெயில், மீன், இரண்டையும் ஒரே வார்த்தையால் அடைத்திருந்தோம். ஒன்றரை வருடம். ஒரு தாய் தன் பெண்ணுக்கு எவ்வளவு நன்றாகச் செய்ய முடியுமோ அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள். ஒரு இடுக்கு மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அந்தப் பித்தளை மணியை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். அதற்கப்புறம் அதை நான் பார்க்கவில்லை. மல்லிகாவை அன்றைக்கே வார்டில் சேர்த்தோம். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, உப்பு என்றால் உப்பு இல்லை, முட்டை வெள்ளை மாதிரி ஒரு சத்து, வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லாம் சொன்னார். மல்லிகா முதலில் சிரித்துவிட்டாள்.

"அய்ய, அப்ப நான் ஒண்ணர வருசமா சும்மாவா உள்ள குந்திகினு இருந்தேன்? ஜன்னல்ல ஒரு பொத்தல் போட்டதுக்கு எங்கம்மா கிட்ட அடி வாங்கினேன் சார்!"

சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் சீலையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. சொல்லணும். எங்க தப்பு, நாங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

"வேணாம் சார். அது தாங்காது. உப்பு எறங்கிடுச்சின்னு சொல்லுங்க. இனிமே வெயில் படலாம், மீன் துன்னலாம்னு சொல்லுங்க. அதுவா ஜன்னல தொறக்கும்."

"பொய் சொல்ற ஆஸ்பத்திரி இல்லம்மா இது."

"நான் இருக்கற வரிக்கும் சார். அப்பால உங்க இஷ்டம்."

தான் எவ்வளவு நாள் இருப்போம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று சாயந்திரம் அவர் கன்னியம்மாவைக் கூப்பிட்டு, எழுந்து நின்று, "உப்பு இறங்கிடுச்சும்மா" என்றார். நல்ல செய்திக்கு அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கன்னியம்மா அவர் காலில் விழப்போனாள். "நான் சாத்துன சாத்துல எறங்காம இருக்குமா சார்?" என்றாள். அந்தச் சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வைட்டமின் மருந்து கொடுத்தோம், கால்சியம் கொடுத்தோம். மீதியைக் கன்னியம்மா பார்த்துக்கொண்டாள். காலையில் கருவாட்டுக் களத்திலேயே ஒரு பாயை விரித்து மகளைப் படுக்க வைத்துவிடுவாள். ஒரு பக்கம் வாளை, ஒரு பக்கம் சுறா, நடுவில் மல்லிகா. நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன்.

"முதுகு காஞ்சுது, திரும்புடி."

"இன்னாம்மா, என்னையும் வித்துடப் போறியா?"

"உன்ன எவன் வாங்குவான், வாய் மட்டும்தான் தேறும்."

களம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சில மாதங்களில் அவள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே கத்தியை வாங்கி மீன் கீறினாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் சிறுநீரகம் கேட்கவில்லை. வெயிலும் மீனும் கொண்டுவந்து கொடுக்கிற சரக்கைச் சிறுநீரகம்தான் கடைசியாகப் பக்குவப்படுத்தி உடம்புக்குக் கொடுக்கிறது என்று அப்போதுதான் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். டாக்டர் அதைப் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார். "பச்சை மீனைக் கொண்டாந்து போட்டுக்கிட்டே இருக்கோம் ஸ்டெல்லா, காய வைக்கிற களம் மூழ்கிக்கிட்டிருக்கு" என்றார். ஒவ்வொரு தடவையும் ட்யூபில் வெள்ளை அதிகமாகத் திரண்டது. ஒவ்வொரு தடவையும் கன்னியம்மா, "உப்பு ஏறலியேம்மா?" என்று கேட்பாள். "இல்ல" என்பேன். அந்த ஒரு வார்த்தை, அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரமெல்லாம் எங்கள் சனங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்த காலம். அடுத்த மழைக்காலத்தில், வெயிலே இல்லாத ஒரு வாரத்தில், மல்லிகா போய்விட்டாள். இருபத்தொரு வயது.

இருட்டில் கழித்த காலத்தில் அவள் வெயிலில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. வைட்டமின் டி குறைந்தால் சர்க்கரைக்காரப் பிள்ளைகளின் சிறுநீரகம் சீக்கிரம் கெடுமா, சிறுநீரகம் கெடுவதால் வைட்டமின் குறைகிறதா என்று படித்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவேளை ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் அவளுக்கு இருந்ததே கொஞ்ச நாள். அதில் ஒன்றரை வருடத்தை அவளுக்குப் பிடித்த இடத்தைவிட்டுப் பிடுங்கி இருட்டில் போட்டோம்.

அப்பால உங்க இஷ்டம் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் யார் சொல்வது? டாக்டர் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். அடுத்த வருடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். போகிற அன்று லேப் வாசலில் நின்று, "அந்த அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

கன்னியம்மா மட்டும் ஆஸ்பத்திரிக்கு வருவதை விடவில்லை. களம் முடிந்ததும் வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொள்வாள். யாராவது தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்வாள். பாவம், பழகின இடம் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் தண்டையார்பேட்டையிலிருந்து பாக்கியம் என்கிற பெண் தன் பையனைக் கொண்டுவந்தாள். எட்டு வயசு, இரண்டு வருடமாகச் சர்க்கரை. சில மாதம் முன்னால் ஜுரத்தோடு வந்தபோது அவன் நீரில் லேசாக வெள்ளை தெரிந்தது, உப்பு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஜுரத்தில் அப்படிச் சில சமயம் தெரியும், தானாகப் போய்விடும். இப்போது பார்த்தேன், வெள்ளை துளியும் இல்லை. நல்ல செய்தி சொல்லலாம் என்று வெளியே வந்தவள், பையனைப் பார்த்து நின்றுவிட்டேன். அதே வெளுப்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"பையன் வெளியில விளையாடப் போறதில்லையா?"

"இல்லக்கா. வூட்ட சாத்தித்தான் வச்சிகிறேன்" என்றாள் பாக்கியம். "இவங்கதான் சொன்னாங்க."

பக்கத்தில் கன்னியம்மா. முகமெல்லாம் மலர்ச்சி. மகள் போனதற்கப்புறம் நான் அந்த மலர்ச்சியைப் பார்த்ததில்லை. "உப்பு எறங்கிடுச்சாம்மா? நான்தான் சொன்னேன். என் பொண்ணுக்கு எறங்கலியா? பயப்படாதே, ஜன்னல சாத்துன்னு இங்க வர்ற எல்லாருக்கும் சொல்லிகினுதான் கீறேன்."

எல்லாருக்கும். புதிதாக வந்திருந்த சின்ன வயசு டாக்டருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி. "கன்னியம்மா, கொஞ்சம் உள்ள வா" என்றேன்.

அவளை என் மேஜையோரம், மல்லிகா நின்ற இடத்திலேயே நிற்க வைத்தேன். கேன்டீனிலிருந்து ஒரு முட்டையும் கொஞ்சம் உப்பும் பியூனை வாங்கி வரச் சொன்னேன். ஒரு ட்யூபில் உப்புத் தண்ணீர். இன்னொன்றில் வெள்ளைக் கருவைக் கலந்த தண்ணீர். முதலில் உப்புத் தண்ணீரை விளக்கில் காட்டினேன். கொதித்தது, தெளிவாகவே இருந்தது. அடுத்ததைக் காட்டினேன். மேலே வெள்ளையாகத் திரண்டது.

"மல்லிகா நீர்ல வந்தது இதுதான். இது உப்பு இல்ல. நாங்க எல்லாரும் உப்புன்னு ஒரு பேர் வெச்சுச் சொல்லிக்கிட்டிருந்தோம். களத்து உப்பு இல்ல, காத்து இல்ல. ஒண்ணுமே இல்ல கன்னியம்மா."

அவள் இரண்டு ட்யூபையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எறங்கிடுச்சின்னு சொன்னீங்களே?"

"மல்லிகாதான் அப்படிச் சொல்லச் சொன்னா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ தாங்க மாட்டேன்னு..."

"பொத்தல் போட்டதுக்கு அடிச்சேன் அவள" என்றாள். அப்புறம் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப நான் எதுக்கும்மா ஜன்னல சாத்துனேன்?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. ட்யூப்களை உடையாமல் ஸ்டாண்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். நானும் பின்னால் ஓடினேன். வராந்தாவில் பாக்கியமும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியம்மா பாக்கியத்தின் எதிரில் போய் நின்றாள்.

"யம்மா, வூட்டுக்குப் போயி ஜன்னல தொற. புள்ளைய வெயில்ல வுடு. மீனு குடு. நான் உனுக்குச் சொன்னது தப்பு."

"இன்னாத்துக்கு இப்பப் போயி..."

"தப்புன்னா தப்புதான். நான் என் பொண்ண ஒண்ணர வருசம் இருட்டுல போட்டேன். நீ போடாதே." அப்புறம் வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, களத்தில் ஏலம் கூவுகிற குரலில் சொன்னாள்: "யாருக்கெல்லாம் ஜன்னல சாத்தச் சொன்னனோ, எல்லாரும் தொறங்க. நான் சொன்னது தப்பு!"

அந்த வார்த்தையை அவளுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். எல்லார் முன்னாலும் தப்பு என்று வாய்விட்டுச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.